புல்லுக்குள் ஒரு பிரேக்

ரிமோட் விமான கிளப்பின் மைதானத்தைப் பார்க்கும்போதெல்லாம் பல் டாக்டரம்மாவுக்குத் தன் பழைய கிளினிக் நாற்காலிதான் ஞாபகம் வரும். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருவருக்கும் தன் கோளாறு என்னவென்று தெரியாது.

தலைவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்தவனை அலையவிட்டது போலவே விமானத்தையும் அலையவிடுவார், இறக்க மட்டும் மனசு வராது. போன வருஷம் அவருடைய விமானம் டீ பாத்திரத்துக்குள் தலைகீழாக முக்குளித்தது. அன்றைக்கு ஊற்றிய டீயெல்லாம் பெட்ரோல் வாசனை. "இன்னிக்கு டீ நல்லா ஸ்ட்ராங்கா இருக்கே" என்று இரண்டாவது கப் வாங்கிக் குடித்தவரும் அவரேதான்.

அந்த டீயைத் துப்பிய கையோடு டாக்டரம்மா கிளப்புக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்தார். விமானம் கட்டுப்பாட்டை மீறினால், ஓட்டுகிறவர் "கையில இல்லை!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கேட்டவர்கள் அத்தனை பேரும் தலையைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாக உட்கார வேண்டும். இந்த விதி கிளப்பில் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்துத்தான் எழுதினார். அந்த எல்லோரில் தன்னை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு வருடாந்திரப் பரீட்சை. தேறினால் ரிமோட்டின் கைப்பிடியில் பச்சை ரிப்பன். தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பு ரிப்பன்காரர் தனியாகப் பறக்க விடக் கூடாது. அவருடைய ரிமோட்டோடு இன்னொரு ரிமோட்டைக் கோத்து, யாராவது ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார், நடைவண்டிக் குழந்தைக்குப் பின்னால் ஆயா போவது போல.

டாக்டரம்மாவுக்கு ஆயாவா? அதற்குப் பதில் பொய்ப்பல் கட்டிக்கொண்டு கச்சேரி பண்ணலாம்.

ஆனால் ஊருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. கொஞ்ச நாளாக வானத்தில் யாரோ பாலைக் கரைத்து ஊற்றிவிட்டது போல அவருக்கு ஒரு வெளுப்பு. கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். தூரம் போகப் போக விமானம் ஒரு கரிப்பொட்டு. அது வருகிறதா, போகிறதா என்பதை அதனிடமே கேட்டால்தான் உண்டு. கண் டாக்டரிடம் போனால் வீட்டுக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும். மகள்தான் கிளப்பின் பாதுகாப்புச் செயலாளர்.

அதனால் அவர் கண்ணை விட்டுவிட்டு விமானத்துக்கு வைத்தியம் பார்த்தார். ஒரு சிறகுக்கு ஆரஞ்சு, இன்னொன்றுக்குக் கறுப்பு என்று பெயிண்ட் அடித்தார். ஏனென்று கேட்டவர்களிடம், "ரசனை இருக்கறவங்களுக்குப் புரியும்" என்றார். அதற்குமேல் கேட்க யாருக்குத் தைரியம்?

இந்த லட்சணத்தில்தான் போன வாரம் அந்த இடி விழுந்தது. பறக்க விடுகிறவர் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது என்பதால், சுற்றுமுற்றும் பார்த்துச் சொல்ல ஒரு துணையாள் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். டாக்டரம்மாவுக்கு வழக்கமாகத் துணை நிற்கும் மருந்துக்கடைக்காரர் முழங்காலை முறித்துக்கொண்டார். குலுக்கல் போட்டார்கள். வந்தது சம்பந்தி.

மகளின் மாமனாரை ஊரெல்லாம் டபுள் பிரேக் என்றுதான் சொல்லும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே ஆயுள் போனதால், கார் இல்லாத இடத்திலும் அந்தக் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். சினிமாவில் வண்டி வேகமாகப் போனால் முன்சீட்டுக்காரர் முதுகில் உதை விழும்.

கல்யாண வரவேற்பன்று டாக்டரம்மா காரைப் பின்னால் எடுத்தபோது, மண்டபத்து வாசலில் நின்று இவர் தரையை ஓங்கி மிதித்து, "பிரேக்! பிரேக்!" என்று கத்தினார். கார் தூணை முத்தமிட்டது. ஐந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பரவாயில்லைங்க சம்பந்தியம்மா, ரிவர்ஸ் எல்லாருக்கும் வராது" என்றார் அவர், ஆறுதலாக.

அந்த ஆறுதலை டாக்டரம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

"வணக்கங்க சம்பந்தியம்மா."

வெயிலுக்குக் குடை பிடித்தபடி டபுள் பிரேக் வந்து நின்றார். கிளப்பில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. அவர் விட்ட ஒவ்வொரு விமானமும் மைதானத்து மூலையிலிருக்கும் ஒரே மரத்தைத் தேடிப் போய் ஏறியது. அந்த மரம் காய்த்ததைவிட இவர் காய்க்க வைத்ததுதான் அதிகம்.

"வாங்க சம்பந்தி. இன்னிக்கு மரத்துக்கு லீவா?"

"ஆமாங்க. அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டும்." அவர் குனிந்து விமானத்தைச் சுற்றி வந்தார். "ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் கறுப்பு. நம்ம ஸ்கூல் வண்டியில பட்டை அடிப்போமே, அந்த மாதிரி இருக்குங்க. தூரத்துல இருந்தே தெரியும்."

"அது ரசனை, சம்பந்தி."

"ஓ. சரிங்க." கொஞ்ச நேரம் கழித்து, வெகு சாதாரணமாக, "அந்தக் காத்துப் பை இப்ப எந்தப் பக்கம் நீட்டிட்டிருக்குங்க?" என்றார்.

காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிப்பை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. டாக்டரம்மாவுக்குக் கம்பமே தெரியவில்லை. பிடரியில் காற்றை வாங்கிப் பார்த்து, "கிழக்கே. பறக்க விடறவளுக்குப் பையைப் பாத்தாதான் தெரியணுமா? தோல் சொல்லும்" என்றார்.

"அடேங்கப்பா" என்றார் டபுள் பிரேக். சரியா தப்பா என்று சொல்லவில்லை.

மகள் கழுத்தில் விசிலோடு வந்தாள். வீட்டில் "அம்மா, காபி இருக்கா" என்று குழைகிறவள், மைதானத்துக் கயிற்றைத் தாண்டிவிட்டால் பெற்றவளையும் வரிசை எண் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"ஏழாம் நம்பர். ரெடியா?"

"ஏழாம் நம்பர் உன்னைப் பெத்த அன்னிக்கே ரெடி."

"அம்மா, இங்க வேண்டாம்." குரலைத் தாழ்த்தினாள். "ஏறணும், ஒரு எட்டு போடணும், எஞ்சினை அடக்கிட்டு இறக்கணும். கயித்துக்கு இந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க. கயித்துக் கோட்டைத் தாண்டி விமானம் வந்தா ஃபெயில். மாமா, நீங்க பாத்துச் சொல்லிட்டே இருக்கணும், சரியா?"

"சொல்றேம்மா."

டபுள் பிரேக் குடையைக் கயிற்றில் மாட்டிவிட்டு வந்து விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார். சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்க ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்து, டாக்டரம்மா தள்ளிப் போய் நின்று, சிறகின் மடல்கள் சொன்னபடி அசைகின்றனவா என்று சோதித்தார். அசைந்ததாகச் சம்பந்திதான் சொன்னார். திரும்பி வந்து எஞ்சினைக் கிளப்பினார்.

"விசிறிக்கு முன்னாடி கையை நீட்டாதீங்க சம்பந்தி. விரல் போயிடும்."

"வண்டிக்கு முன்னாடி நான் நின்னதே இல்லைங்க. எப்பவும் பக்கத்துலதான்."

விமானம் புல்லைத் தடவிக்கொண்டு ஓடி ஏறியது. அந்தக் கைகளைக் குறை சொல்ல எவனாலும் முடியாது. வாய்க்குள் கடைசிப் பல்லின் பின்பக்கத்து ஓட்டையைக் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்து அடைத்த கைகள். கூடாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள் குடும்பங்களோடு கை தட்டினார்கள். எட்டின் முதல் வளையம் வெண்ணெயில் கோடு கிழித்தது போல வந்தது.

"பாத்துக்குங்க" என்றார் டாக்டரம்மா, வானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மரமில்லாத இடத்துல இப்படித்தான் ஓட்டணும்."

சூரியன் மேகத்தை விட்டு வெளியே வந்தது.

பால் முழுக்கப் பரவிவிட்டது. ஆரஞ்சும் இல்லை, கறுப்பும் இல்லை. டாக்டரம்மா கண்ணை இடுக்கினார். அதோ, கரிப்பொட்டு. கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது போலிருக்கிறது. வலது பக்கமாக நழுவுகிறது. ரிமோட்டின் குச்சியை இடதுபக்கம் தள்ளினார். அது அசைந்துகொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இடது. அது பாட்டுக்கு வலதுபக்கம் வட்டமிட்டது.

"ரிமோட் மக்கர் பண்ணுது" என்று முணுமுணுத்தார். "சொன்னபடி கேக்கல."

டபுள் பிரேக் அவருடைய முகத்தைப் பார்த்தார். முகம் பார்த்த திசையைப் பார்த்தார். அங்கே ஒரு பருந்து, தன்னை ஒரு பல் டாக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்ற விவரமே தெரியாமல், இறக்கையை விரித்துச் சொகுசாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

விமானம் வேறிடத்தில் இருந்தது. பருந்துக்குக் கொடுத்த இடதையெல்லாம் அது வாங்கிக்கொண்டு, சாய்ந்து, திரும்பி, மூக்கைக் கூடாரத்துக்கு நேராக வைத்து இறங்கிக்கொண்டிருந்தது.

"சம்பந்தியம்மா. அது பருந்துங்க."

பருந்து என்றால் விமானம் எங்கே? எஞ்சின் சத்தம் எங்கிருந்தோ வளர்ந்தது. கத்த வேண்டும். தானே எழுதிய விதி. இரண்டே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே பச்சை ரிப்பன் குறுக்கே நின்றது.

கத்தவில்லை.

"கையில இல்லை!" என்று மைதானம் அதிரக் கத்தினார் டபுள் பிரேக்.

கூடாரமே தரையில் விழுந்தது. தலைவர் டீ கப்போடு மேஜைக்கடியில் போனார். டபுள் பிரேக்கின் வாய் டாக்டரம்மாவின் காதோடு ஒட்டிக்கொண்டது.

"மேல பாக்காத! நான் சொல்றதைக் கேளு. வலது! இன்னும் வலது! பிடி! இப்ப நேராக்கு. மூக்கைத் தூக்கு, தூக்கு!"

சம்பந்தி சம்பந்தியை ஒருமையில் கூப்பிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அதைக் கவனிக்க இருவருக்கும் நேரமில்லை. விமானம் கூடாரத்துத் துணியைச் சிலுப்பிவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பியது. டபுள் பிரேக் எதிரே நின்று பார்க்கிறவரின் இடது வலதைச் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க உட்கார்ந்த பழக்கத்தில், விமானத்துக்குள் டாக்டரம்மாவின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து சொல்வது போலவே சொன்னார்.

"ஆக்சிலரேட்டரைக் குறை. இடது, லேசா. அவ்ளோதான். ரோடு முன்னாடி இருக்கு. விடு… விடு… பிரேக்!"

அவருடைய வலது கால் புல்லில் குழி பறித்தது. விமானம் தரையைத் தொட்டு, இரண்டு துள்ளு துள்ளி நின்றது.

மகள் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"யாரு கத்தினது?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார்.

"நான்தாம்மா" என்றார் டபுள் பிரேக். "மேல ஒரு பருந்து. அதைப் போய் நம்ம விமானம்னு நெனச்சுட்டேன். சொன்ன பேச்சே கேக்காம அது பாட்டுக்குச் சுத்துச்சா, பயந்துட்டேன்."

அப்புறம் மேஜைக்கடியிலிருந்து தலைவரின் சிரிப்பு முதலில் வந்தது. "பருந்தையா? யோவ், பருந்துக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டீரா?" கிளப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இதுவரை எத்தனையோ விமானத்தை உடைத்த மேதைகளெல்லாம் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப விமானம் ஏம்மா கோட்டைத் தாண்டி வந்துச்சு?"

எல்லோரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

"காதுல வந்து இப்படிக் கத்தினா யாருக்குத்தான் கை உதறாது?" என்றார் டாக்டரம்மா. "ஆளை விட்டாப் போதும்னு எறக்கினேன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகளின் நாற்றம் அவருக்கே அடித்தது. நாற்பது வருஷம் எத்தனையோ சொத்தைப் பல்லை மோந்த மூக்கு அது. சம்பந்தியைப் பார்த்தார். டபுள் பிரேக் தலையைத் தலையை ஆட்டினார், ஆமாம், ஆமாம், தப்பு என்னுதுதான் என்று.

"மாமா, ஸாரி. பொய்யா எச்சரிக்கை கொடுத்தா ஒரு மாசம் துணை நிக்கக் கூடாது. விதி."

"விதின்னா விதிதாம்மா. நல்லா எழுதியிருக்காங்க."

மகள் ரிமோட்டில் பச்சை ரிப்பனைக் கட்டினாள். "துணையாள் தப்புக்கு ஓட்டறவங்களைத் தண்டிக்க முடியாது. அவ்ளோ குழப்பத்துலயும் கோட்டுக்குள்ளயே எறக்கினாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மைதானத்தைத் திறந்து விடறோம். குழந்தை குட்டியோட ஜனங்க வருவாங்க. முதல் விமானம் எங்கம்மாதான் விடுவாங்க."

கைதட்டல். "ஏன், விடமாட்டேனா?" என்றார் டாக்டரம்மா. பக்கத்தில் ஏதோ அழுந்தும் சத்தம் கேட்டுக் குனிந்தார். கைக்கெட்டும் தூரம் என்பதால் பளிச்சென்று தெரிந்தது. சம்பந்தியின் வலது கால் புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மாதத் தடை வந்தாலும், சிறகுகளைக் கழற்றிக் காரில் ஏற்றும் வேலையை அவர்தான் செய்தார். வெயில் கொளுத்தியது. வரும்போது விரித்து வந்த குடையை, போகும்போது ஏனோ மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஹாலில் விமானத்தைப் பரப்பி வைத்துத் துடைக்கும்போதுதான் டாக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்தது. இடது சிறகு இருந்தது. வலது சிறகு இருந்தது. இரண்டையும் உடம்போடு கோக்கும் முழ நீளத் தண்டைக் காணோம். அது இல்லாமல் அந்த விமானம் ரெண்டு பலகையும் ஒரு பெட்டியும்தான்.

காரைக் குடைந்தார். சோபாவைப் புரட்டினார். பிறகு குடை ஞாபகம் வந்தது.

திருட்டு டபுள் பிரேக்! ஊருக்கு முன்னால் கோமாளி வேஷம் கட்டி எனக்குப் பிச்சை போட்டுவிட்டு, பின்னால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஆளா நீ? ஒரு போன் போட்டால் தலைவரிடம் இன்னொரு தண்டு கிடைக்கும். யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பறக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் குழந்தைகள். வானத்தில் பால். துணைக்கு யாரோ ஒரு புத்திசாலி நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பான்.

டாக்டரம்மா போனை எடுத்தார். தலைவரின் எண்ணைப் போடவில்லை.

"சம்பந்தி."

"சொல்லுங்க சம்பந்தியம்மா."

"குடைக்குள்ள ஏதாவது மாட்டிட்டிருக்கா?"

"இருக்குங்க. ஸ்கூல்ல யார் மேலயாவது சந்தேகம் வந்தா சாவியை உருவிடுவோம். பழக்க தோஷம்."

"காலையில என்னை வா, போன்னு பேசினீங்க."

"ஆமாங்க. 'ங்க' போடறதுக்குள்ள கூடாரம் வந்துடுமேன்னு."

டாக்டரம்மா உதட்டைக் கடித்தார். திட்ட ஒரு லாரி லோடு வார்த்தை தயாராக இருந்தது. ஒன்றையும் இறக்கவில்லை.

"லைசென்ஸுக்குக் கண்ணைச் சோதிச்சு சர்டிபிகேட் கொடுக்க உங்ககிட்ட ஒரு டாக்டர் வருவாரே."

"வருவாருங்க."

"அந்த ஆள் வேண்டாம். எதிர்ல இருக்கறது சுவரா கதவான்னு தெரியாதவனுக்கெல்லாம் பார்வை பிரமாதம்னு கையெழுத்துப் போடறவர். நெஜமாவே கண்ணைப் பாக்கற ஆளா ஒருத்தரைச் சொல்லுங்க."

"நாளைக்குக் காலையில வண்டி எடுத்துட்டு வரேங்க" என்று குரல் வந்தது.

"வேண்டாம், நானே ஓட்டிட்டு…" டாக்டரம்மா நிறுத்தினார். "சரி. வாங்க. ரிவர்ஸ் மட்டும் பாத்து எடுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. கழுத்தில் விசில் இன்னும் தொங்கியது.

"யாருக்கும்மா கண் டாக்டர்?"

டாக்டரம்மா மகளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார். ஹாலின் நீளம்தான் தூரம். வாசல் விளக்கு அவள் தலைக்குப் பின்னால் எரிந்தது. முகம் இருந்த இடத்தில் பால்தான் இருந்தது. கோபமா, அழுகையா, ஒன்றும் பிடிபடவில்லை.

"கொஞ்சம் கிட்ட வா" என்றார்.

மகள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.